கிடங்கில் தண்ணீர் இறங்கும் நேரம்

வறட்சியின் மூன்றாம் ஆண்டு, மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு, லோமா செக்கா குடிநீர் வாரியத்தின் கிடங்கில், எந்தக் குழாயோடும் இணைக்கப்படாமல் வெட்டவெளியில் நின்ற ஒரு பச்சை நிறக் கமோடு தானாக ஃப்ளஷ் ஆனது. கிடங்குக்காரர் ஆர்லிண்டோ சில்வேரா ஐந்தடி தூரத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். தொட்டி நிறைந்தது, கோப்பையில் தண்ணீர் சுழன்றது, ஒரு செருமலோடு இறங்கியது. அடியில் மண் நனையவில்லை. அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, வண்டிகள் வந்துபோகும் நேரத்தை எழுதும் நோட்டை எடுத்து, "6.10. பச்சை. ஓக் தெரு 212. ஒரு முறை" என்று எழுதினார். ஆறேகாலுக்கு அதே வரிசையில் இன்னும் இரண்டு இறங்கின. அவற்றையும் எழுதினார். அன்று டீசல் கேலனுக்கு நான்கு சென்ட் ஏறியிருந்தது, அதற்கு அடுத்த வரியில்தான் இந்தச் செய்தி இருக்கிறது. நோட்டு இப்போதும் வாரிய அலுவலகத்தில் இருக்கிறது, நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அத்தனை கமோடுகள் அங்கே எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் மழை என்பது டிவியில் பார்க்கும் சங்கதியாகிவிட்டது. குளிக்கும்போது காலடியில் வாளி வைத்து, அந்தத் தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றினோம். செத்துப்போன புல்தரைக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக் கொடுக்க ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒருவன் வந்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு போனான். தண்ணீர்த் தகராறில் பாதாம் தோட்டக்காரர்களும் பால்பண்ணைக்காரர்களும் தேவாலயத்தில்கூட ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. அப்போதுதான் வாரியம் அறிவித்தது: ஒரு தடவைக்கு மூன்றரை கேலன் விழுங்கும் பழைய கமோடைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றேகால் கேலனில் வேலையை முடிக்கும் புதியதை வைத்தால் நூறு டாலர் மானியம். விண்ணப்பங்களை வாங்கி முத்திரை போட்டது நான்தான். கவுன்ட்டரில் எனக்கு அது இருபத்திரண்டாவது வருடம்.

மற்ற ஊர்களில் பழையதைச் சுத்தியலால் இரண்டு போடு போட்டு, படம் எடுத்துக்கொண்டு, குப்பையில் கொட்டிவிட்டார்கள். எங்கள் மேலாளர் மரிசெலா ஒகாம்போ சூடு கண்டவர். சில வருடங்களுக்கு முன் பழைய தீயணைப்புக் குழாய்கள் முப்பதை இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டு, பிறகு வந்த மாநிலத் தணிக்கையாளரிடம் "குழாய் எங்கே?" என்று கேள்வி மேல் கேள்வி வாங்கியவர். அதனால் இந்த முறை ஒன்றையும் உடைக்கக் கூடாது, தணிக்கையாளர் வந்து கண்ணால் பார்க்கும்வரை எல்லாம் முழுசாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கமோடுகள். வெள்ளை, பச்சை, கடுகு மஞ்சள், வெளிர் நீலம். ஒவ்வொன்றின் தொட்டியிலும் ஆர்லிண்டோ கறுப்புப் பெயிண்டால் வீட்டு விலாசம் எழுதி, நாற்பது வரிசைகளாக நிறுத்திவைத்தார். தணிக்கையாளர் வரவில்லை. பாதாம் பூத்துக் காய்த்தது, அறுவடைக்கு மரங்களை உலுக்கிய தூசு முழுவதும் மூடிகளின் மேல் படிந்தது.

ஆர்லிண்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இருபத்தொன்பது வருடம் தெருத் தெருவாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மீட்டர் பெட்டிக்குள் கறுப்புச் சிலந்தி இருக்கும், யார் வீட்டில் பிள்ளை மணிக்கணக்கில் குளிக்கும் வயதுக்கு வந்துவிட்டது என்று எல்லாம் அவருக்குத் தெரியும். பிறகு ரேடியோ மீட்டர்கள் வந்தன. எண்கள் தாங்களாகவே காற்றில் பறந்து என் கணினிக்கு வந்துவிட்டதால் அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் மனைவி நெல்டா, ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஐடஹோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவர், அங்கேயே ஒரு வீடு வாங்கிவிட்டார். சண்டையே நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் ஆவதற்காவது ஒரு வழி இருந்திருக்கும்.

நெல்டா போன அடுத்த நவம்பரில், நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு நான்கு நாள் விடுமுறை விட்டபோது, ஆர்லிண்டோவுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாளும் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. நான்காவது நாள் ஃபோன் அடித்தது. தட்டுத்தடுமாறி எடுத்தார். எங்கள் வாரியத்தின் பதிவு செய்யப்பட்ட குரல்: "உங்கள் வீட்டின் தண்ணீர்ப் பயன்பாடு வழக்கத்தைவிடப் பெரிதும் குறைந்துள்ளது. உங்கள் சிக்கனத்துக்கு நன்றி." திங்கட்கிழமை கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு இதைச் சொல்லிச் சிரித்தார்.

"செத்துப் போயிருந்தா இன்னும் சிக்கனம், ரோஸல்பா. ஒரு சர்டிஃபிகேட்டே குடுத்திருப்பீங்க."

நானும் சிரித்தேன். அந்தப் பதிவில் இருந்த குரல் என்னுடையது. அன்று மாலை வீட்டில் தனியாகச் சாப்பிடும்போதுதான் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று உறைத்தது. அந்த மனிதருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான், தான் விழுந்து கிடந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது. அதை அவர் பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கமோடுகள் இறங்கத் தொடங்கியதும் வாரியப் பொறியாளர் வாளியோடு வந்து மூன்று நாள் அளந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டேகால் கேலன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரில் அந்தந்த வீட்டில் புதிய கமோடை யாராவது இழுத்துவிடும் அதே நொடியில் கிடங்கில் பழையது இறங்கியது. மூன்றரையில் ஒன்றேகால் போனால் இரண்டேகால். மிச்சப்படுத்திய தண்ணீர் கடைசியாக ஒருமுறை பழைய வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறது என்று அறிக்கை எழுதினார். மேலாளருக்கு ஒரே கவலை, இது யார் பில்லிலாவது ஏறுகிறதா என்பது. ஏறவில்லை. பாதாம்காரர் ஒருவர் குழாய் போட்டு அந்தத் தண்ணீரை இழுத்துப் பார்த்தார். வேலியைத் தாண்டியதும் குழாய்க்குள் ஒன்றும் இல்லை. அவர் போன பிறகு அதைப் பற்றி யாரும் ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை.

ஆர்லிண்டோ அலட்டிக்கொண்டார். காலை ஆறிலிருந்து மாலை மூன்றுவரை மடக்கு நாற்காலியைப் போட்டு வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் நோட்டைப் பார்க்காமலேயே காதால் பிரித்துச் சொன்னார். கடுகு மஞ்சள் இரண்டு தடவை அடுத்தடுத்து இறங்கினால் எல்ம் தெருவில் இருக்கும் பள்ளிப் பேண்டு வாத்திய வாத்தியாருக்கு மறுபடி வயிறு சரியில்லை. வெளிர் நீலம் பத்து நாள் சும்மா இருந்தால் கிரான்ட் குடும்பம் கடற்கரைக்குப் போயிருக்கிறது. பள்ளி திறக்கும் நாளில் ஏழு மணிக்குக் கிடங்கு முழுவதும் ஒரே இரைச்சல். இருபத்தொன்பது வருடம் வெளியே நின்று பார்த்த வீடுகளுக்குள் இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நெல்டா போன பிறகு நான் பார்த்ததில்லை.

ஊருக்குத் தெரிந்ததும் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு கோபப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தன்று பாதி ஊர் கிடங்கு வேலியோரம் வந்து நின்றது. கையில் பீர், காகிதத் தட்டில் சுட்ட லிங்குவிசா சாசேஜ், காதோரம் ரேடியோ. இடைவேளைக்கு விசில் ஊதிய முப்பதாவது வினாடி, வீட்டில் இருந்த மறுபாதி ஊர் ஒருசேர எழுந்தது. நாற்பது வரிசைகளும் ஒன்றாக இறங்கின. வேலி அதிர்ந்தது. கைதட்டினார்கள். அதுமுதல் வருடா வருடம் அது ஒரு திருவிழாவாகிவிட்டது. அன்று ஆர்லிண்டோ ஒன்றும் எழுதவில்லை, எழுத முடியாது.

வாரிய ஊழியர் வீடுகளை விட்டால், மானியத்துக்கு விண்ணப்பிக்காத வீடு கடைசியில் ஒன்றுதான் பாக்கி. மல்பெரி தெரு 9, வில்லா டீன் ப்ரூவிட். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், வயது எழுபத்தொன்பது, புருஷன் போய்ப் பதினான்கு வருடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் வாங்கிய இளஞ்சிவப்புக் கமோடு. ஊரில் பாதிப் பேர் அவர் பேருந்தில் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் என்பதால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட யாருக்கும் தைரியம் இல்லை. மேலாளர் ஆர்லிண்டோவை அனுப்பினார்.

"நான் எப்பப் போறேன், எத்தனை வாட்டி போறேன்னு ஊருக்கே தமுக்கடிக்கவா வந்து நிக்கற?" என்றார் வில்லா டீன், வலைக்கதவைத் திறக்காமலே.

"ஊருக்கெல்லாம் இல்லீங்க, மிஸஸ் ப்ரூவிட். நான் மட்டுந்தான் கேப்பேன்."

"அது அதைவிடக் கேவலம்."

ஆனால் அந்த ஜூலை வெயிலில் இளஞ்சிவப்பின் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. அந்தக் காலத்து மாடலுக்குச் சாமான் எங்கே கிடைக்கும்? அவரே தன் பழைய ப்யூக் காரில் வந்து, என் கவுன்ட்டரில் விண்ணப்பத்தை வீசிவிட்டுப் போனார். இளஞ்சிவப்பைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. வரிசைகளில் இடமில்லாததால் ஆர்லிண்டோ அதைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்தார். விரிசல் விட்ட தொட்டியிலும் அது ஒழுகாமல் இறங்கியது. முதல் இறக்கம் சரியாகக் காலை ஆறு ஐந்து. ஒரு நிமிடம் முன்னேபின்னே கிடையாது, பேருந்து ஓட்டியவர் அல்லவா. ஆறு பத்துக்குக் கிடங்கு ஃபோன் அடிக்கும்.

"கேட்டியா?"

"இல்லீங்களே."

"பொய்யி. நாளைக்கும் கேக்காதே."

தினமும் இதே பேச்சு. இரண்டு வாரம் கழித்து நான் கவனித்தேன், ஆறு பத்துக்கு முன்பே ஆர்லிண்டோ ஃபோனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறார். அக்டோபரில் ஒருநாள் வில்லா டீன் அலுத்துக்கொண்டு, தான் இனிமேல் கூப்பிடப் போவதில்லை, அவனுக்கு வேறு வேலை இல்லையா என்று என்னிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். ஆர்லிண்டோ மறுநாளும் போய் நின்றார். இளஞ்சிவப்பு இறங்கியது, ஃபோன் அடிக்கவில்லை. அவர் நாற்காலிக்குத் திரும்பி வந்தார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்திலிருந்து கடிதம் வந்தது. தணிக்கையாளர் என்று யாரும் வருவதாகவே இல்லையாம். படம் எடுத்து அனுப்பினால் போதுமென்று முதல் நாளிலிருந்தே விதியில் இருக்கிறதாம். இரண்டாயிரத்துச் சொச்சம் கமோடுகளை ஏன் அடைகாத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். மரிசெலா ஒகாம்போ கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். செப்டம்பர் பதினெட்டு, திங்கட்கிழமை, உடைக்கும் இயந்திரம் வரும், தூளை வாய்க்கால் ஓரத்து சைக்கிள் பாதைக்கு அடியில் பரப்பிவிடலாம் என்று முடிவாயிற்று.

ஆர்லிண்டோ "சரி" என்று மட்டும் சொன்னார். ஆனால் மூன்று மணிக்கு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். கவுன்ட்டர் ஜன்னல் வழியாக எனக்குத் தெரியும். சாயங்காலம் ஊர் வேலையிலிருந்து திரும்பும், வரிசைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இறங்கும், அவர் தலையை அந்தந்தப் பக்கம் திருப்புவார். பொழுது சாயும்வரை இருப்பார். அவர் வீட்டில் அவருக்காகத் திரும்புவதற்கு ஒரு சத்தமும் கிடையாது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, போய் ஒரு வார்த்தை சொல்லத்தான் வரவில்லை.

செப்டம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை, ஆறு ஐந்துக்கு இளஞ்சிவப்பு இறங்கவில்லை. ஆறரைக்கும் இல்லை. மற்றவை எல்லாம் வழக்கம்போல் இறங்கிக்கொண்டிருந்தன. ஏழு மணிக்கு ஆர்லிண்டோ ஃபோன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாரியத்து வண்டியை எடுத்துக்கொண்டு சிவப்பு விளக்கையும் பார்க்காமல் போனார். சமையலறைக் கதவு பூட்டவில்லை. குளியல் தொட்டிக்கும் புதிய கமோடுக்கும் நடுவில், இடுப்பு முறிந்து, முந்தின நாள் மாலையிலிருந்து வில்லா டீன் தரையில் கிடந்தார். உதடு காய்ந்திருந்தது. கண் மட்டும் பழைய பேருந்து ஓட்டுநரின் கண்ணாகவே இருந்தது.

"மணி என்ன?"

"ஏழு இருவது."

"ஆறு அஞ்சுக்கே தெரிஞ்சிருக்கணுமே. ஏன் இவ்வளவு லேட்டு?"

"தூங்கிட்டிருந்தீங்கன்னா எழுப்பினதுக்குத் திட்டுவீங்களேன்னு பொறுத்துப் பாத்தேன்."

"திட்டித்தான் இருப்பேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "விடிய விடிய ஒண்ணே ஒண்ணத்தான் நெனச்சுட்டுக் கெடந்தேன், ஆர்லிண்டோ. ஆறு அஞ்சு ஆகட்டும், ஆறு அஞ்சு ஆகட்டும்னு."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தரையிலேயே உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வந்த இயந்திரத்தை வேலை தொடங்காமல் நிறுத்திவைத்தார்கள். புதன்கிழமை வாரியக் கூட்டத்துக்கு ஊரே வந்தது. மேசை நடுவில் ஒரு ஃபோன், அதில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வில்லா டீன். குடும்பத்தோடு இருப்பவர்களின் கமோடுகள் போகட்டும், அவர்கள் விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது, தனியாக இருப்பவர்களுடையதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். மேலாளர் அப்படியானால் யார் யாருக்கு வேண்டும், கையைத் தூக்குங்கள் என்றார். முந்நூறு பேர் இருந்த கூடத்தில் ஒரு கையும் எழவில்லை. பணம் இல்லை என்றுகூட மனுஷன் சபையில் சொல்லிவிடுவான், எனக்கு யாரும் இல்லை என்று சொல்ல வாய் வராது.

"என்ன, ஒரு கையும் இல்லையா?" என்றது ஃபோன். "நானும் வெக்கப்பட்டவதான். ராத்திரி முழுக்க டைல்ஸ்ல கெடந்தப்புறம் வெக்கம் போயிடுச்சு. அந்தக் கடைசி வரிசையில ஒக்காந்துட்டுத் தலையைக் குனியறவனுங்களத்தான் சொல்றேன். பஸ்லயும் அங்கதான் ஒக்காருவீங்க, எனக்குத் தெரியும்."

பேண்டு வாத்தியார் கையைத் தூக்கினார். பிறகு டயர் கடைக்காரர். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, குழாய் போட்டுத் தண்ணீர் இழுக்கப் பார்த்த அந்தப் பாதாம்காரர், ஆறு படுக்கையறை வீட்டில் ஒற்றையாக இருப்பவர். அப்புறம் அங்கங்கே. குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நானும் பேனாவை வைத்துவிட்டுத் தூக்கினேன், பொய் எதற்கு. அம்மா போன பிறகு என் வீட்டிலும் ஒரு தட்டுதான் கழுவ இருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் கவுன்ட்டருக்கு வந்து, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி விலாசம் சொல்லிவிட்டுப் போனவர்கள் அதிகம். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்று ஏழு. மற்றவை தூளாகி சைக்கிள் பாதைக்கு அடியில் போயின. இறுதி ஆட்டத்தன்று இடைவேளையில் அந்தப் பாதையில் நடந்தால் காலுக்குக் கீழே இப்போதும் ஒரு நீண்ட இரைச்சல் கேட்கும், சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்றுவிட்டுப் போவார்கள்.

டிசம்பர் கடைசியில் வில்லா டீன் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு கிடங்குக்கு வந்தார். மீதி இருந்த ஐந்து வரிசைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இளஞ்சிவப்பின் மூடியைத் தட்டிக் கொடுத்தார்.

"சரி, இதுல ஒன்னோடது எது?"

"என்னோடது இங்க இல்லீங்க. வீட்லயே பழசுதான் வச்சிருக்கேன்."

"ஊர்ல அத்தனை பேரையும் மாத்தச் சொல்லிட்டு நீ மாத்தலையா? ஏன்?"

ஆர்லிண்டோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "மாத்தி என்ன பிரயோசனம், மிஸஸ் ப்ரூவிட்? அது இங்க இறங்கற நேரத்துல நான் அங்க வீட்ல இருப்பேன். கேக்கறதுக்கு இங்க யார் இருக்கா?"

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோல் சொன்னார். நான் விண்ணப்பக் கட்டோடு கிடங்கு வாசலில் நின்றிருந்தேன். நூற்றுத் தொண்ணூற்று ஏழு பேரில் ஒருவருக்கும், எனக்கும்தான், இது தோன்றவில்லையே என்று அவமானமாக இருந்தது.

வில்லா டீன் நடைச்சட்டத்தை அவர் பக்கம் திருப்பினார். "காலையில எத்தனை மணிக்கு?"

"அஞ்சரை."

"முப்பத்தொரு வருஷம் நாலு மணிக்கு எழுந்தவ நான். கேட் சாவியைக் குடு."

ஜனவரி முதல் வாரம் ஆர்லிண்டோவின் வெள்ளைக் கமோடு வந்து இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. விண்ணப்பத்துக்கு நான் முத்திரை போட்டேன், வாரிய ஊழியருக்கு மானியம் கிடையாது என்று விதி, என் பழையதைக்கூடச் சும்மாதான் கொடுத்தேன், இருந்தும் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஐந்தரைக்கு அவர் தன் வீட்டில் புதியதை இழுத்துவிட்டார். சத்தமே இல்லாமல் ஒரு சின்னச் சுழல், அவ்வளவுதான். கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார். கூடத்தில் ஃபோன் அடித்தது.

"கேட்டுச்சு," என்றது குரல். "இங்க குளிர் பிடுங்குது. காபி எடுத்துட்டு வா. சர்க்கரை ரெண்டு."

ஃபோனை வைத்துவிட்டு அவர் வெகுநேரம் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாராம். அன்று வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். வில்லா டீன் அவருடைய நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நோட்டில் "5.30. சில்வேரா. இருக்கிறான்" என்று எழுதியிருந்தது. அதன் பிறகு இளஞ்சிவப்பு ஆறு ஐந்துக்கு இறங்குவது நின்றுபோனது. அதற்கு அவசியமும் இல்லை, அந்த நேரத்துக்கு அவரே எதிரில் இருந்தார்.

வறட்சி முடிந்தது. ஒரே குளிர்காலத்தில் நான்கு வருடத்து மழையும் பெய்து, பெயிண்ட் அடித்த புல்தரைகள் நிஜமாகவே பச்சையாயின. மானியத் திட்டத்தை நிறுத்தினார்கள், மரிசெலா ஒகாம்போ ஓய்வு பெற்றார், கால்பந்தில் எங்கள் பள்ளி இரண்டு தடவை தோற்றது. வரிசைகளில் இடம் காலியாகும், புதிதாகத் தனியானவர்கள் வந்து சேர்வார்கள். ஏழு பேரை நேரத்துக்குப் போய்த் தூக்கியிருக்கிறோம், இரண்டு பேருக்கு நேரம் தப்பிவிட்டது. ஆறு வருடம் தினமும் ஐந்து முப்பத்தொன்றுக்கு ஆர்லிண்டோவின் ஃபோன் அடித்தது. ஒரு மே மாதக் காலையில் அடிக்கவில்லை. அவர் இந்த முறை ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மல்பெரி தெருவுக்குப் போனார். வில்லா டீன் கட்டிலில், அலாரம் அடிப்பதற்கு முன்பே, தூக்கத்தில் போயிருந்தார். கிடங்குச் சாவி தலைமாட்டில் இருந்தது. அடக்கத்துக்குப் பாதி ஊர் வந்தது, பேருந்தில் ஏறுவதுபோல் தள்ளாமல் வரிசையாக வந்தது. ஆர்லிண்டோ வாய்விட்டு அழுதார்.

மறுநாளிலிருந்து நான் போகிறேன். எனக்குக் காலையில் எழுவது வேப்பங்காய், ஆனாலும் ஐந்தேகாலுக்கு அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். இளஞ்சிவப்பு பக்கத்தில் சும்மா நிற்கிறது, அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வெள்ளை இறங்கினால் அவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஃபோன் அடித்தால் நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். முதல் நாள் ஃபோனை எடுத்தவர், என் குரலைக் கேட்டதும், "இது அந்த ரெக்கார்ட் பண்ணின நன்றியா, இல்ல நீயா?" என்று கேட்டார்.

"நான்தான், ஆர்லிண்டோ. கேட்டுச்சு."

இன்றைக்கு ஐந்து முப்பத்திரண்டுக்கு இறங்கியது. டீசல் கேலனுக்கு ஆறு சென்ட் குறைந்திருக்கிறது.